“ஒரு ஊசிதானே சிஸ்டர்?” – நர்ஸ் எதைச் செய்யலாம், எங்கே செய்யலாம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பிரஷர் பார்க்க, சர்க்கரை பார்க்க எந்த நேரமும் என் வீட்டுக் கதவைத் தட்டலாம். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சில மாதங்களுக்கு முன் ராத்திரி பத்து மணிக்கு நம் குடியிருப்பு நண்பர் ஒருவர் ஊசி மருந்தோடு வந்தார். அவர் அம்மாவுக்குக் காய்ச்சல். பெங்களூரில் இருக்கும் மகன் போனில் சொன்ன ஆன்டிபயாடிக்கைக் கடையில் வாங்கி வந்திருந்தார். டாக்டர் சீட்டு இல்லை. “ஒரு ஊசிதானே சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா?” என்றார். நான் போடவில்லை. வண்டி பிடித்து அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவருக்கு என் மேல் கொஞ்சம் மனவருத்தம். இன்று நான் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

ஊசி போட எனக்குத் தெரியும். ஆனால் கை பழகியிருப்பது வேறு, அதிகாரம் இருப்பது வேறு. எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வது டாக்டர். அதை எழுத்தில் பார்த்துக் கொடுப்பது நர்ஸ். ஆன்டிபயாடிக் ஊசி சிலருக்குச் சில நிமிடங்களிலேயே கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். மூச்சு அடைக்கும், பிரஷர் இறங்கும். ஆஸ்பத்திரியில் அதற்கு மாற்று மருந்தும் ஆக்சிஜனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். என் வீட்டு ஹாலில் அவை இல்லை.

அடுத்து, நர்ஸின் அதிகாரம் இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டில் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகப்பிரசவங்களைப் பெரும்பாலும் நர்ஸ்களே பார்க்கிறார்கள். அதே படிப்புப் படித்தவர் பெரிய தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால், பிரசவம் பார்ப்பது டாக்டர், இவர் உடன் நின்று உதவுபவர். தெலங்கானாவில் 2017 முதல் நர்ஸ்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து, இயல்பான பிரசவங்களைப் பொறுப்பேற்று நடத்தும் மகப்பேறு செவிலியர்களை உருவாக்கினார்கள். படிப்பு ஒன்றுதான். ஆனால் எந்த மாநிலம், எந்த நிலையம், என்ன கூடுதல் பயிற்சி, யாருடைய எழுத்துப்பூர்வ ஆணை என்பதைப் பொறுத்து வேலையின் எல்லை மாறுகிறது.

பதவிப் பெயரும் மாறும். நாம் கிராம சுகாதார செவிலியர் என்று அழைப்பவரை வேறு மாநிலங்களில் ஏ.என்.எம். என்பார்கள். ஆகவே பெயரை மட்டும் வைத்து ‘இவர் இதைச் செய்வார்’ என்று முடிவு கட்ட முடியாது.

பிள்ளைகளை நர்ஸிங் படிக்க வைத்திருக்கும் பெற்றோர்கள் இதைக் கவனியுங்கள். நம் ஊரிலிருந்து பெங்களூரு பக்கம். வேலையும் அங்கேதான் அதிகம். ஆனால் ஓசூரைத் தாண்டினால் பதிவு செய்யும் கவுன்சில் வேறு. இங்கே 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் கவுன்சில். அங்கே 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கர்நாடக கவுன்சில். நாடு முழுவதற்குமான பாடத்திட்டத்தை, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்தது. அதனால் படிப்பு செல்லும். பதிவைத்தான் மாற்ற வேண்டும்.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இது தெரியாமல் பெங்களூரில் வேலைக்குப் போனாள். அந்த மாநிலப் பதிவு வரும் வரை பயிற்சியாளர் சம்பளம்தான் கொடுத்தார்கள். இங்கேயே தடையின்மைச் சான்று வாங்கி முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தால் அந்த நஷ்டம் இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு வேண்டும் என்ற நோக்கத்தோடு 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய தேசியச் செவிலியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, ‘வேலை பார்க்கும் மாநிலத்தில் பதிவு’ என்பதையே மனதில் வையுங்கள்.

கடைசியாக, நம் எல்லா வீடுகளுக்கும் பொருந்தும் விஷயம். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு ஏஜென்சி மூலம் ஆள் வைக்கிறோம். வருபவர் எல்லோரையும் ‘ஹோம் நர்ஸ்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். முதல் நாளே மூன்று கேள்வி கேளுங்கள். படித்தது ஏ.என்.எம்.-ஆ, மூன்று வருட ஜி.என்.எம்.-ஆ, நான்கு வருட பி.எஸ்சி. நர்ஸிங்-ஆ? எந்த மாநிலத்தில் பதிவு, எண் என்ன? பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா?

எதுவும் இல்லையென்றால் அவர் பராமரிப்பாளர். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அருமையான வேலை, மரியாதையோடு நடத்துங்கள். ஆனால் ஊசி, டிரிப், மூத்திரக் குழாய் மாற்றுவது அவர் வேலை இல்லை. பதிவு பெற்ற நர்ஸாக இருந்தாலும் டாக்டர் எழுதிய ஆணை வேண்டும். அதை ஒரு ஃபைலில் போட்டுக் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள். கொடுத்த மருந்தையும் நேரத்தையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அவசரம் என்றால் 108. ஆலோசனைக்கு 104. இரண்டு எண்ணையும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன்.

அன்று வருத்தப்பட்ட நண்பர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் அம்மா இப்போது நலம். ஐயா, அடுத்த முறையும் என் வீட்டுக்கே வாருங்கள். ஊசியோடு சீட்டையும் கொண்டு வாருங்கள், அது போதும்.