வேப்பமரத்து ஊஞ்சல்



ஆண்டவர் மீண்டும் குடியேறும் எருசலேம் எப்படியிருக்கும் என்று சொல்ல வந்த இறைவாக்கினர் செக்கரியா, தெருக்களில் சிறுவர் சிறுமியர் விளையாடுவதை அடையாளமாகக் காட்டுகிறார் (8ஆம் அதிகாரம்).

நம் சிவகாசிப் பக்கம் அந்தக் காட்சி எளிதில் வாய்க்கவில்லை. நான் சிறுவனாயிருந்தபோது விடியுமுன்னே தீப்பெட்டி ஆலை வண்டி வந்து என் வயதுப் பிள்ளைகளை ஏற்றிப் போகும். 1986இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. பிள்ளை வீடு திரும்பியது, சரி. வீட்டில் அதற்கு என்ன வைத்திருக்கிறோம்?

கொல்லையில் ஒரு வேப்பமரம் போதும். பட்டுப்போகாத தடித்த கிளையாகப் பார்த்து, கயிறு உராயும் இடத்தில் சாக்கைச் சுற்றுங்கள். பழைய டயர் என்றால் மழைநீர் தேங்காமல் அடியில் துளையிடுங்கள். கரிசல் மண் கோடையில் கல்லாய் இறுகிவிடும். கீழே மணல் கொட்டுங்கள். முதலில் தகப்பன் உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும், வெட்கம் வேண்டாம்.

பங்கு வீட்டுப் பின்புறம் நாங்கள் கட்டிய ஊஞ்சலில் ஏறிய ஒரு சிறுமி, பத்தே நிமிடத்தில் இறங்கிவிட்டாள். “அம்மாவோட பெட்டி ஒட்டணும் சாமி” என்றாள். அவள் வீட்டுக்குப் போனேன், திட்டுவதற்கு அல்ல. நானும் உட்கார்ந்து பெட்டி ஒட்டினேன். அவளை ஊஞ்சலுக்கு அனுப்பிவிட்டோம்.