விளையாட்டில் நிலையாமை



திருவள்ளுவர் நிலையாமை என்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். திருக்குறளில் அது முப்பத்து நான்காவது அதிகாரம். இளமையும் செல்வமும் உயிரும் நில்லா என்று சான்றோர் சொன்னதை எல்லாம் நீங்கள் தேர்வுக்காக நெட்டுருப் போட்டிருப்பீர்கள். அவை எல்லாவற்றைக் காட்டிலும் விரைந்து மறைகின்ற ஒரு பொருள் உண்டு. விளையாட்டுக் குழுவின் தலைமைப் பதவிதான் அது. அதனைப் பற்றி இன்று உங்களோடு சற்றுச் சிரித்துப் பேச எண்ணுகின்றேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் மாறுதல் உண்டு. ஆனால் அதற்கு ஓர் உத்தரவு வரும். உத்தரவுக்கு ஓர் எண் இருக்கும். எண்ணுக்குக் கீழே ஒரு கையொப்பம் இருக்கும். படித்துப் பார்த்து வருந்துவதற்காவது ஒரு காகிதம் கிடைக்கும். விளையாட்டு உலகத்தில் அந்தக் காகிதமும் அரிது.

முதலில் கடல் கடந்து போவோம். அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால் என்பது நமக்குக் கிரிக்கெட் போன்றது. அங்கே ஒவ்வொரு குழுவையும் ஒரு செல்வர் விலைக்கு வாங்கி வைத்திருப்பார். ஆட்டத்தை நடத்துவதற்கு மானேஜர் ஒருவரை அமர்த்துவார். மட்டை பிடிப்பதும் பந்து எறிவதும் ஆட்டக்காரர் வேலை. தோற்றால் ஏச்சு வாங்குவது மானேஜர் வேலை. நியூயார்க் யாங்கீஸ் என்னும் புகழ் பெற்ற குழுவை 1973இல் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் என்பவர் வாங்கினார். முதல் 23 ஆண்டுகளில் அவர் 20 முறை மானேஜரை மாற்றினார். இவற்றுள் பில்லி மார்ட்டின் என்ற ஒருவரையே ஐந்து தடவை அமர்த்தி, ஐந்து தடவையும் இழந்தார். ஒருமுறை மார்ட்டின் தாமே விலகினார். மற்ற முறைகளில் விலக்கப்பட்டார். கோபித்துக்கொண்டு பிறந்தகம் போவதும் சமாதானமாகித் திரும்புவதுமாக நம் ஊரில் சில குடும்பங்கள் இருக்குமே, அதுபோன்ற உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1960ஆம் ஆண்டு இதனினும் வேடிக்கையான ஒரு காரியம் நடந்தது. கிளீவ்லாந்துக் குழுவும் டெட்ராய்ட் குழுவும் தத்தம் மானேஜர்களைப் பண்டமாற்றுச் செய்துகொண்டன. ஜோ கார்டன் அங்கே போனார். ஜிம்மி டைக்ஸ் இங்கே வந்தார். நாமக்கல்லுக்கு அருகில் உள்ள புதன்சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து மாட்டு விலை பேசுவார்கள். அங்கேயும் ஒரு மாட்டைக் கொடுத்து வேறு மாட்டை ஓட்டிச் செல்பவர் உண்டு. ஆயினும், இருவரும் அப்படி மாற்றிக்கொள்வது தத்தம் மாடு உழவில்லை என்பதால்தான். மாற்றிக்கொண்ட பின்பு இரண்டும் நன்றாக உழும் என்று யாரும் நம்புவதில்லை. கிளீவ்லாந்தும் டெட்ராய்ட்டும் அவ்வாறு நம்பின. அவ்வாண்டு இரு குழுவுக்கும் வெற்றிக் கோப்பை கிட்டவில்லை. 1961 முடிவதற்குள் அவ்விருவருமே அந்தப் பதவிகளில் இல்லை.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று எண்ணியதோ என்னவோ, சிக்காகோ கப்ஸ் என்ற குழு 1961இல் மானேஜர் பதவியையே எடுத்துவிட்டது. பயிற்சியாளர் சிலர் முறை வைத்துத் தலைமை தாங்குவர் என்று ஏற்பாடு. ஒரு பள்ளியில் தலைமையாசிரியரே இல்லை, இந்த மாதம் கணக்கு வாத்தியார், அடுத்த மாதம் தமிழையா என்றால் மணி அடிப்பவர் பாடு என்ன ஆகும்? 1962இல் அக்குழு 103 ஆட்டங்களில் தோற்றது. தலைமையாசிரியர் இனத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் இந்தச் செய்தி எனக்கு ஓரளவு ஆறுதல் தருவது.

ஐம்பது ஆண்டுகள் ஒரே பதவியில் அசையாது இருந்த மானேஜரும் ஒருவர் உண்டு. பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் குழுவின் கானி மேக், 1901 முதல் 1950 வரை. அவருடைய குழு கடைசி இடத்துக்கு வந்த ஆண்டுகள் பல. ஆயினும் அவரை யாரும் நீக்கவில்லை. காரணம் மிக எளிது: குழுவின் உடைமையில் அவருக்கும் பங்கு இருந்தது.

சரி, தோற்றவுடன் ஒருவரை நீக்குவது ஏன்? எங்கள் சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. இங்கே மேட்டுக்காட்டு விவசாயி ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருவார். அவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காடு முழுவதும் நடப்பார். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்று எண்ணூறு அடிக்கு இறங்கும். வருவது வெறும் புழுதி. விவசாயி என்ன செய்வார்? பூமியை மாற்ற முடியாது. மழையை வரவழைக்க முடியாது. நீரோட்டம் பார்ப்பவரை மாற்றுவார். புதியவர் வேறொரு தேங்காயோடு வருவார். விளையாட்டிலும் பதினொரு பேரை ஒரே நாளில் வெளியேற்ற முடியாது. ஆகையால் ஒருவரை வெளியேற்றி, ஏதோ செய்துவிட்டோம் என்ற மன அமைதியைத் தேடிக்கொள்கிறார்கள்.

அமெரிக்கர்களைப் பார்த்து நாம் அதிகம் சிரிக்க வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டு நவம்பரில் மேற்கிந்தியத் தீவினர் நம் நாட்டுக்கு வந்து ஐந்து டெஸ்ட் பந்தயங்கள் ஆடினர். நம் தலைவராக இருக்க வேண்டிய குலாம் அகமது முதற் பந்தயத்தில் ஆட இயலவில்லை. பம்பாயில் பாலி உம்ரிகர் தலைமை தாங்கினார். கான்பூரிலும் கல்கத்தாவிலும் குலாம் அகமது தலைவர். கல்கத்தாவில் ஓர் இன்னிங்சும் 336 ஓட்டங்களும் வித்தியாசத்தில் தோற்றோம், அவர் விலகிக்கொண்டார். சென்னைக்கு மீண்டும் உம்ரிகர் என்று முடிவாயிற்று. யாரைச் சேர்ப்பது என்ற தகராறில் ஆட்டம் தொடங்கும் தறுவாயில் அவர் பதவியை உதறினார். நாற்பத்தொரு வயது வினூ மங்கட் தலைவரானார். டெல்லியில் இராணுவ அதிகாரியான ஹேமு அதிகாரி. ஐந்து பந்தயங்களுக்கு நான்கு தலைவர்கள்!

கதை இத்துடன் முடியவில்லை. அதிகாரி டெல்லிப் பந்தயத்தைத் தோல்வி இல்லாமல் முடித்தார். அதன் பின்பு அவருக்கு டெஸ்ட் ஆட்டமே இல்லை. 1959இல் இங்கிலாந்துக்கு டி. கே. கெய்க்வாட் தலைவராகச் சென்றார். அங்கே லார்ட்ஸ் பந்தயத்துக்கு மட்டும் பங்கஜ் ராய். ஐந்திலும் தோல்வி. அவ்வாண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியரை எதிர்க்க ஜி. எஸ். ராம்சந்த் வந்தார். ஆக, ஏறத்தாழ பதின்மூன்று மாதத்தில் ஏழு தலைவர்கள். ராம்சந்தின் தலைமையில்தான் கான்பூரில் ஆஸ்திரேலியாவை இந்தியா முதன்முதலாக டெஸ்டில் வென்றது. அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? அந்தத் தொடர் முடிந்தபின் அவரும் ஒரு டெஸ்ட் ஆடவில்லை. தோற்றவர் போனார் என்றால் காரணம் சொல்லலாம். வென்றவரும் போனால் எந்த இலக்கணத்தில் அடக்குவது?

தமிழ்நாட்டவர் இதில் பின்தங்கியவர் அல்லர். நம் சென்னை எஸ். வெங்கட்ராகவன் 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்டுக்கு இந்தியாவின் தலைவர். பட்டோடி காயமுற்றிருந்ததால் அவ்வாய்ப்பு வந்தது. அடுத்த பந்தயம் கல்கத்தாவில். பட்டோடி திரும்பினார், வெங்கட்ராகவனுக்கோ பதினொருவரிலேயே இடமில்லை! போன பந்தயத்தின் அரசர், இந்தப் பந்தயத்தில் குடிமகன்கூட இல்லை.

1979இல் மீண்டும் அவரே தலைவராகி இங்கிலாந்து சென்றார். கடைசி ஓவல் பந்தயத்தில் 438 என்ற மலை போன்ற இலக்கை நோக்கி ஆடி, 8 விக்கெட்டுக்கு 429 எடுத்தோம். கவாஸ்கர் 221. நான் அப்போது கல்லூரி மாணவன். விடுதியில் ஒரே ஒரு வானொலிப் பெட்டி. அதைச் சுற்றி எத்தனை காதுகள் இருந்தன என்று எண்ணிச் சொல்ல முடியாது. அந்தக் குழு விமானத்தில் தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்தபோது, விமானத்தின் தலைவர் ஒலிபெருக்கியில் பயணிகளுக்கு ஒரு செய்தி அறிவித்தார்: அடுத்த தொடருக்குக் கவாஸ்கர் தலைவர் என்று. வெங்கட்ராகவனும் அதே விமானத்தில் அமர்ந்திருந்தார். இறங்கிப் போக வழியில்லாத இடத்தில் ஒருவரைப் பதவி இறக்கிய சம்பவம் உலகில் வேறு உண்டோ, அறியேன்.

பிற்காலத்தில் அவர் நடுவராகி 73 டெஸ்ட் பந்தயங்களில் நின்றார். ஒரு விரலை உயர்த்திப் பிறரை வெளியே அனுப்புவது நடுவர் தொழில். ஆனால் ஒன்று கவனியுங்கள்: நடுவர் அந்த ஆட்டக்காரரின் முகத்துக்கு நேரே நின்றுதான் விரலை உயர்த்துகிறார்.

கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 1989இல் பாகிஸ்தானுக்குத் தலைமை தாங்கிப் போனார். நான்கு டெஸ்டும் சமனில் முடிந்தன. அந்நாட்டில் தோற்காமல் திரும்புவதே பெரிது என்று கருதிய காலம் அது. திரும்பி வந்ததும் தலைமை அசாருதீனிடம் போயிற்று. நியூசிலாந்துக்குப் போன குழுவில் ஸ்ரீகாந்தின் பெயரே இல்லை. அஜித் வடேகர் 1971இல் மேற்கிந்தியத் தீவுகளையும் இங்கிலாந்தையும் அவரவர் மண்ணிலேயே வென்று வந்தார். இந்தூர் நகரத்தார் சிமெண்டால் ஒரு பெரிய மட்டையை நட்டு மகிழ்ந்தனர். 1974இல் இங்கிலாந்தில் மூன்று பந்தயமும் தோற்றபோது அதே மட்டையைச் சிதைத்தனர். பாவம், அந்தச் சிமெண்டு மட்டை ஒரு பந்தைக்கூடத் தவறவிட்டதில்லை.

பதவி போவதைக் குறித்து நான் குறை சொல்ல வரவில்லை. ஆட்டம் என்றால் ஒருவர் உள்ளே வர ஒருவர் வெளியே போகத்தான் வேண்டும். போகச் சொல்லும் முறைதான் மனிதரைத் தைக்கிறது. யாங்கீஸ் குழுவின் யோகி பெர்ராவுக்கு 1985ஆம் ஆண்டு முழுவதும் நீரே மானேஜர் என்று முதலாளி வாக்களித்திருந்தார். பதினாறே ஆட்டங்களில் நீக்கினார். அதையும் தாம் சொல்லாமல் வேறொருவர் மூலம் சொல்லியனுப்பினார். பதவி போனதற்குப் பெர்ரா வருந்தினாரோ இல்லையோ, ஆளனுப்பிச் சொன்னதற்காகப் பதினான்கு ஆண்டுகள் அந்த மைதானத்தை மிதிக்கவில்லை. 1999இல் முதலாளி நேரில் சென்று மன்னிப்புக் கேட்ட பின்னரே மனம் இளகினார்.

ஆளனுப்பிச் சொல்வதற்கும் கீழே ஒரு படி உண்டு. அது எதுவுமே சொல்லாதிருப்பது. அதற்கு உதாரணம் தேடி நான் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி விசைத்தறி ஓசை கேட்கும் ஊர். அங்கே டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த இடக்கை வீச்சாளர் டி. நடராஜனை உங்களுக்குத் தெரியும். 2015இல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிப் பந்தயம் ஆடத் தொடங்கியதுமே அவர் பந்து வீசும் முறை ஐயத்துக்கு உள்ளாயிற்று. கையை வளைக்கும் விதத்தை அடியிலிருந்து மாற்றிக்கொண்டு திரும்பினார். 2017இல் பஞ்சாப் குழு 3 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது, ஓராண்டில் விட்டது. ஐதராபாத் குழு 40 இலட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரண்டு ஆண்டும் ஓர் ஆட்டமும் தரவில்லை. 2020இல் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியா சென்றவர், டிசம்பர் 2ஆம் நாள் கான்பராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாளில் இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் என ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமானார். எந்த இந்தியரும் அதற்கு முன் செய்யாதது அது. ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டி மக்கள் அவரைச் சாரட்டு வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டனர். மார்ச்சு மாதம் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ஓட்டங்களை எதிரிக்குக் கொடுக்காமல் காத்து வெற்றி தேடித் தந்தார்.

அதற்குப் பின் 2025 முடிய இந்திய அணியில் அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. காயங்கள் குறுக்கிட்டன என்பது உண்மை. வேறு நல்ல வீச்சாளர் வந்தனர் என்பதும் உண்மை. ஆனால் நீக்கினோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நம் நாட்டு வழக்கத்தில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பட்டியல் வரும், அதில் பெயர் இராது, அடுத்த பட்டியல் வரும். தேர்வு முடிவு ஒட்டிய பலகையின் முன்னே ஒரு மாணவன் தன் எண்ணை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடுவதை நான் ஆண்டுதோறும் பார்த்தவன். அவனுக்காவது அந்த ஒருநாளோடு முடிந்துவிடும். 2024 நவம்பரில் டெல்லிக் குழு நடராஜனை 10 கோடியே 75 இலட்சம் ரூபாய்க்கு வாங்கி, அடுத்த ஆண்டுப் பெரும்பாலான ஆட்டங்களில் வெளியே அமர்த்தி வைத்தது. இவ்வளவு விலை கொடுத்து ஒருவரை உட்கார வைக்கும் வேலை வேறெங்கும் கிடைக்காது என்று தேநீர்க் கடையில் நீங்கள் நகையாடக் கூடும். நகையாடுங்கள், உட்காருவதற்காக எவரும் பந்து வீசக் கற்பதில்லை.

அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 2023ஆம் ஆண்டு சின்னப்பம்பட்டியில் தம் செலவில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். திறந்து வைக்க அழைத்தவர் தினேஷ் கார்த்திக். மிகப் பொருத்தமான அழைப்பு! 2004இல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கி, எத்தனை முறை வெளியே அனுப்பப்பட்டார், எத்தனை முறை திரும்பி வந்தார் என்று விரல் விட்டு எண்ணினால் விரல்கள் போதா. 2021இல் பேச்சாளர் அறையில் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து பிறர் ஆட்டத்தை வருணித்துக்கொண்டிருந்த அவர், 2022இல் முப்பத்தேழு வயதில் மட்டையோடு உலகக் கோப்பைக்குப் போனார்.