நீதியரசரும் கம்பனும்

(வடபழனியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சாப்பாட்டுக்கு முன்னாடி பத்தே நிமிஷம்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எனவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'சாப்ளின்' என்று ஒரு பதவி உண்டு. (சிரிக்காதீங்க, சார்லி சாப்ளின் இல்லை!) மாணவர்களின் சமயத் தேவைகளைக் கவனிப்பவர், கஷ்டத்தில் கூட உட்கார்ந்து பேசுபவர். ஜார்ஜ்டவுன் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1999-ல் யஹ்யா ஹெண்டி என்ற இமாமை அந்தப் பதவியில் அமர்த்தியது. தொழுகை நடத்துவதோடு, மற்ற மதத்துப் பிள்ளைகளோடு கலந்து பேசுவதும் அவர் வேலை.

நம் ஊரில் அப்படி ஒரு பதவியை அதிகம் பார்க்க முடியாது. ஆனால் பதவி இல்லாமலே அந்த வேலையைச் செய்த ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். நீதியரசர் மு.மு. இஸ்மாயில்.

1921-ல் நாகூரில் பிறந்தவர். அந்த ஊர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இஸ்மாயில் 1979-ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். 1981-ல் கேரளத்துக்கு மாற்றியபோது பதவியை விட்டு விலகினார். அது தனிக்கதை.

நான் சொல்ல வந்தது அவருடைய கம்பனை. சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக இருந்து ஆண்டுதோறும் விழா நடத்தினார். நம்ம வடபழனியில் ஸ்டுடியோ வைத்த ஏவி.எம். குடும்பத்தாரின் மயிலாப்பூர் கல்யாண மண்டபத்தில் அந்த விழா நடக்கும். என் அப்பா அங்கே போய்க் கேட்டிருக்கிறார். மறைந்து நின்று வாலியைக் கொன்றது சரியா என்ற பழைய வழக்கை, தீர்ப்பு எழுதுகிற மாதிரி கேள்வி கேள்வியாகப் பிரித்து ஆராய்ந்தவர் அவர். "ராமாயணத்தில் எங்க வீட்டுப் பெரியவங்களை விட அவருக்குத் தெரியும்" என்பார் அப்பா.

அதற்காகத் தம் மார்க்கத்தை அவர் நீர்க்கச் செய்யவில்லை. சுலைமான் நபியைப் பாடும் இராஜநாயகக் காப்பியத்தைப் பற்றியும் நூல் எழுதினார். 'எல்லாம் ஒண்ணுதான்' என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அடுத்தவர் நூலை வரி வரியாகப் படிப்பதுதான் கஷ்டம். அவர் கஷ்டமானதைச் செய்தார்.

இதை இங்கே ஏன் பேசுகிறேன்? நம்ம பேட்ச் வாட்ஸ்அப் குழுவின் கதை உங்களுக்குத் தெரியும். ஹாஸ்டலில் நாலு வருஷம் ஒரே ரூமில் இருந்த இரண்டு பேர், ஒரு ஃபார்வர்டுக்காகச் சண்டை போட்டுக் குழுவை விட்டுப் போனார்கள். இரண்டு பேருமே இன்றைக்கு வரவில்லை. இருவரில் யாரும் மற்றவர் மத நூலில் ஒரு பக்கம் படித்ததில்லை என்று பந்தயம் கட்டுவேன்.

செயலாளரிடம் ஒரு யோசனை கொடுத்திருக்கிறேன். அடுத்த வருஷச் சந்திப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தன் மதத்தைச் சேராத ஒரு நூலைப் படித்துவிட்டு வந்து ஒவ்வொருவரும் பேசட்டும். நான் உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்குப் பேர் கொடுத்தாயிற்று. ஐயாயிரம் பாட்டுக்கு மேல் இருக்கிறது, இப்போதே ஆரம்பித்தால்தான் முடியும். கம்பனை எடுத்துக்கொள்ள யாராவது முஸ்லிம் நண்பர் முன்வந்தால், சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பாருங்கள்.