யந்திரம் உண்டு, சேவை உண்டா?



நமது தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று கொழும்பிலும் கண்டியிலும் கணினித் துறையில் உத்தியோகம் பார்க்கின்றனர். விடுமுறைக்கு வரும்போது, "அங்கே என்ன தம்பி வேலை?" என்று பெரியவர்கள் கேட்டால், "மொனிட்டரிங்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு சொல்லை இன்று சற்று விரித்துப் பேச விரும்புகிறோம்.

பிரட்டுக்களத்தை அறியாதவர் இச்சபையில் இல்லை. பெயர் வாசிக்கப்படுகிறது, வந்தவர் வராதவர் செக்ரோலில் பதிவாகிறது. கண்காணிப்பு முறையும் முதலில் செய்வது இதுவே. நிமிஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு யந்திரத்தையும் "இருக்கிறாயா?" என்று கேட்கிறது. பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. ஆனால் பிரட்டுக்கு வந்தவர் தொகை வேறு. மாலையில் தராசில் ஏறும் கொழுந்து வேறு. இந்த வித்தியாசத்தை மறந்த கண்காணிப்பு வெறும் பேர் வாசிப்புத்தான்.

சம்பள நாளை எடுத்துக்கொள்வோம். மேல் கணக்கிலிருந்து ஓர் அம்மா பஸ் ஏறிப் பட்டணத்துக்கு வந்து, வங்கியின் பணப்பெட்டி முன் நிற்கிறார். அவருக்கு வேண்டியது சர்வரும் அல்ல, றவுட்டரும் அல்ல, கையில் காசு. அதற்கு மின்சாரம் வேண்டும், தொலைபேசி வழி வேண்டும், வங்கியின் கணினியும் கணக்கேடும் வேண்டும். வேறு வங்கியின் அட்டையானால் 2013இல் தொடங்கிய லங்காபே பொது இணைப்பும் வேண்டும். கடைசியாக, பெட்டிக்குள் நோட்டு இருக்க வேண்டும்! மற்றவை யாவும் பச்சையாயிருந்து நோட்டு மாத்திரம் தீர்ந்துவிட்டால், கொழும்பிலே திரை முழுதும் பச்சை. இங்கே அம்மா வெறுங்கையோடு.

ஆகையால் சேவையை ஒரு மரமாக எழுதவேண்டும் என்பது நமது துணிபு. தலைகீழான மரம் அது, வேர் மேலே. உச்சியில் "பணம் கைக்கு வருதல்" என்று கேட்பவரின் பாஷையில் எழுதி, அது எதை நம்பியிருக்கிறது, அந்த ஒன்று எதை நம்பியிருக்கிறது என்று கீழே இறங்கவேண்டும். இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் உள்ளன. லாட்வியா தேசத்து அலெக்ஸி விளாடிஷேவ் என்பவர் தொடங்கி, 2001இல் எல்லாரும் உபயோகிக்கத் திறந்துவிட்ட ஸாபிக்ஸ் அவற்றில் ஒன்று. 2022இல் வந்த அதன் 6.0 பதிப்பில் இந்தச் சேவை மரப் பகுதி புதிதாகத் திருத்தி அமைக்கப்பட்டது.

மரத்தின் விதிகளைத் தேயிலைத் தொழிற்சாலையில் வைத்தே பார்க்கலாம். கொழுந்தை உருட்டும் யந்திரம் இரண்டு இருந்து ஒன்று பழுதானால் வேலை மெதுவாகும், நிற்காது. காய வைக்கும் யந்திரம் ஒன்றே இருந்து அது நின்றால் தொழிற்சாலையே நின்றது. முதலாவதற்கு "எல்லாப் பிள்ளைகளும் விழுந்தால்தான் தாய் விழுவாள்" என்ற விதி. இரண்டாவதற்கு "மிக மோசமான பிள்ளையின் நிலையே தாயின் நிலை" என்ற விதி. எந்தக் கிளைக்கு எந்த விதி என்று தீர்மானிப்பதிலேதான் புத்தி வேண்டும்.

கணக்கும் சற்றுப் பார்ப்போம். நூற்றுக்கு 99 பங்கு இயங்கும் மூன்று பொருள்கள் ஒன்றையொன்று நம்பி நின்றால், 30 நாள் மாதத்தில் 21 மணி நேரத்துக்கு மேல் சேவை இல்லை. அதே தரமுள்ள இரண்டு, ஒன்றுக்கொன்று மாற்றாக நின்றால், இல்லாத நேரம் 4 நிமிஷம் சொச்சம். கேட்க இனிப்பான கணக்கு! ஆனால் அவை இரண்டும் உண்மையில் தனித்தனியாய் இருந்தால்தான் இது பலிக்கும். ஒரே பாதையோரம் போட்ட இரு கம்பிகளை ஒரே மண்சரிவு கொண்டுபோய்விடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலைக் கண்ட நமது மாவட்டத்தாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அதே ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாகச் சொல்லப்பட்ட கோளாறினால் தீவு முழுதும் இருண்டது. 2012 முதல் 150 மெகாவாட் மேல் கொத்மலை மின் நிலையம் நமது வாசலிலேயே இருக்கிறது. என்றாலும் நமது ஊரும் இருண்டது. மரத்தில் மின்சாரம் எந்தக் கிளைகளுக்கெல்லாம் பொது என்று எழுதாதவன் அன்றைக்கு விழித்துக்கொண்டு நின்றிருப்பான்.

இனி, யாருடைய நேரம் என்ற கேள்வி. 1883 முதல் கொழும்பில் நடந்துவரும் தேயிலை ஏலம், கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில் இணைய வழிக்கு மாறியது. நூற்றுக்கு 99.9 என்றால் மாதத்துக்கு 43 நிமிஷம் தவறலாம். அந்த 43 நிமிஷமும் நள்ளிரவில் போனால் யாருக்கு நட்டம்? ஏலம் நடக்கையில் போனால் நமது கொழுந்தின் விலையே ஆடிப்போகும். ஆகவே சேவை நேரத்தை முதலில் குறித்து, அதற்குள் மாத்திரம் அளப்பதே நியாயமான அளவை.

இயங்குவது மாத்திரம் போதாது என்பதற்கும் நம் நாட்டிலேயே திருட்டாந்தம் உண்டு. 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணினி தாக்குதலுக்கு உள்ளானது. சேவை மீண்டும் எழுந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த மின்னஞ்சல்கள் எழவில்லை. அக்காலத்துக்குரிய மறுபிரதி இல்லை. "நேற்றைய பிரதி எடுத்தாயிற்றா?" என்பதும் மரத்தில் ஓர் இலையாக இருந்து, தினமும் பச்சையா சிவப்பா என்று கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

முன்னறிவித்துச் செய்யும் பராமரிப்பு நிறுத்தத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவது வழக்கம். மென்பொருளிலும் அதற்கு இடமுண்டு. இதில் மாத்திரம் எங்களுக்கு ஓர் ஆட்சேபணை உண்டு. அறிவித்தல் ஆங்கிலத்தில், இணையத்தில் மட்டும் வந்தால், மேல் கணக்கு அம்மாவுக்கு அது அறிவித்தலா? பஸ் காசு கொடுத்து வந்து திரும்பிப் போனவரின் அந்த நேரத்தைக் கழிக்காமல், சேவை இல்லாத நேரமாகவே எழுதவேண்டும் என்று, இத்துறையிலுள்ள நமது தம்பிமாரையும் தங்கைமாரையும் கேட்டுக்கொள்கிறோம்.