சிறையுடைப்புப் படங்களில் உள்ளே நின்றுவிடுகிறவர்கள்

(திரையிடலுக்கு முன்னர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றவில்லை.)

படம் போடுறதுக்கு முதல் கொஞ்ச நேரம் தாங்கோ.

தடுப்பு நிலையத்தில் இருக்கிறவர்களைப் பார்க்கப் போகிறவர்களின் பயணச் செலவுக்குத்தான் இன்று காசு சேர்க்கிறோம். அதுக்கு ஏன் சிறையுடைப்புப் படம், ஒரு ஆவணப்படம் போடலாமே என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. நான் இந்த வகைப் படங்களைச் சின்னனில் இருந்தே விரும்பிப் பார்க்கிற ஆள். அவை எங்களுக்கு எதைப் பழக்குகின்றன என்று இப்பதான் யோசிக்கத் தொடங்கியிருக்கிறன்.

‘ஷாஷாங் ரிடெம்ப்ஷன்’ பார்க்காத ஆள் இந்த அறையில் இருக்காது. ஆண்டி 19 வருசம் சுவரைச் சுரண்டி, 500 யார் நீளக் கழிவுக் குழாய்க்குள்ளால் ஊர்ந்து, வெளியே மழையில் கையை விரிச்சுக்கொண்டு நிற்கிறார். எங்களுக்கு நெஞ்சு நிறையுது. ஏன்? ஆண்டி குற்றம் செய்யாதவர் என்று படம் எங்களுக்கு உறுதி தந்திட்டுது. 2005இல் தொடங்கின ‘பிரிசன் பிரேக்’ தொடரும் அப்படித்தான். மைக்கேல் சிறையின் வரைபடத்தை உடம்பில் பச்சை குத்திக்கொண்டு உள்ளே போறது, செய்யாத கொலைக்கு மரணதண்டனை கிடைத்த அண்ணனை மீட்க. ஆள் நிரபராதி என்றால் நாங்கள் பயமில்லாமல் கைதட்டலாம். மிச்சக் கைதிகள் பின்னணியில் நடந்து திரிவினம்.

ஆனால் ஷாஷாங்கில் ரெட்டும் இருக்கிறார், தான் கொலை செய்தவன்தான் என்று ஒத்துக்கொள்கிறவர். பரோல் குழுவுக்கு முன்னால் ஒவ்வொரு தரமும் திருந்திவிட்டேன் என்று பாடமாக்கினதை ஒப்புவிப்பார், மறுப்பார்கள். 40 வருசத்துக்குப் பிறகு, ஒப்புவிக்கிறதை நிறுத்தி மனதில் இருந்ததைச் சொன்ன நாளில்தான் விடுகிறார்கள். அகதி நேர்காணலுக்கு மொழிபெயர்க்கப் போன தோழர்களுக்கு இந்தக் காட்சி வேறு மாதிரித் தெரியும். உண்மையான கதையைக்கூட அதிகாரிக்குப் பிடிக்கிற ஒழுங்கில் சொல்லவேணும் என்று சனம் படுகிற பாடு எங்களுக்குத் தெரியும். அதுவும் பிரித்தானியாவில் குடிவரவுத் தடுப்புக்குச் சட்டத்தில் காலவரம்பே இல்லை. ரெட்டுக்காவது பத்து வருசத்துக்கு ஒருதரம் ஒரு விசாரணை வந்தது.

இன்றைய படத்துக்கு வாறன். ‘எஸ்கேப் ஃப்ரம் பிரிட்டோரியா’, 2020இல் வந்தது. டிம் ஜென்கின், ஸ்டீபன் லீ இரண்டு பேரும் ஆபிரிக்க தேசிய காங்கிரசுக்காகத் துண்டுப்பிரசுரக் குண்டுகள் வைத்தவர்கள். ஆளைக் கொல்லாத குண்டு, வெடிச்சால் காகிதம்தான் பறக்கும். 1978இல் ஜென்கினுக்கு 12 வருசம், லீக்கு 8 வருசம். இவர்கள் நிரபராதிகள் இல்லை. குற்றச்சாட்டில் சொன்னதைச் செய்தவர்கள், செய்ததில் வெட்கமும் இல்லை. ஷாஷாங்கைவிட இந்தப் படம் எனக்கு முக்கியமாகப் படுகிறது இதனால்தான்.

தப்பின முறையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேணும். ஜென்கின் காவலர்களின் இடுப்பில் தொங்கின திறப்புகளைக் கண்ணால் அளந்து, சிறைப் பட்டறையில் மரத்தில் திறப்பு செய்தார். அறைக்கு இரண்டு கதவு. வெளிக்கதவின் பூட்டுத் துவாரம் வெளிப்பக்கம் மட்டும்தான். அதுக்கு விளக்குமாற்றுத் தடியில் ஒரு பொறி செய்து, நடைபாதைப் பக்க ஜன்னலுக்குள்ளால் விட்டு, உள்ளே நின்றபடியே வெளியில் இருந்த பூட்டைத் திறந்தார். ஒவ்வொரு கதவாகச் செய்து, பரீட்சித்து, திரும்பப் பூட்டிவிட்டு வந்து படுத்திருக்கிறார்கள். 1979 டிசம்பர் 11 இரவு மூன்று பேர் வெளியேறினார்கள். கடைசிக் கதவுக்கு மட்டும் எந்தத் திறப்பும் சரிவரவில்லை, அதை உடைச்சுத்தான் போனார்கள்.

மூன்றாவது ஆள் அலெக்ஸ் மூம்பாரிஸ். படத்தில் அவருக்குப் பதிலாக லெனார்ட் ஃபொன்டேன் என்று ஒரு கற்பனைப் பாத்திரம். அந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கோ.

நீங்கள் பார்க்கவேண்டிய ஆள் டெனிஸ் கோல்ட்பெர்க். 1964 ரிவோனியா வழக்கில் மண்டேலாவோடு ஆயுள்தண்டனை பெற்றவர். வெள்ளையர் என்றபடியால் ரொபன் தீவுக்கு அனுப்பாமல் பிரிட்டோரியாவில் வைத்தார்கள். அபார்தைட் சிறைக்குள்ளேயும் நிறம் பிரித்தது. திட்டம் அவருக்குத் தெரியும், உதவினவர். அன்று இரவு காவலரின் கவனத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தவரும் அவர்தான். அவர் போகவில்லை. 1985இல்தான் வெளியே வந்தார். படம் அவரை ஒரு பெரியவராக ஓரத்தில் இருத்திவிடுகிறது, எனக்கு அது காணாது. இன்னொன்று படத்தில் வராது: அதே 1979 ஏப்ரலில், பக்கத்தில் இருந்த மத்திய சிறையில் சொலமன் மஹ்லாங்குவைத் தூக்கிலிட்டார்கள். மூன்று வெள்ளை இளைஞர்களின் சாகசத்தைப் பார்க்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கோ.

இப்ப ஃபொன்டேன். ரொபேர் பிரெஸ்ஸோனின் 1956 படமான ‘எ மேன் எஸ்கேப்ட்’ நாயகனின் பெயரும் அதுதான். 1943இல் லியோன் நகரத்து மொன்லூக் சிறையில் இருந்து தப்பிய ஆந்த்ரே தெவிஞ்ஞியின் கதை. கரண்டியைக் கூராக்கிக் கதவுப் பலகையைக் கழற்றுகிறார், போர்வையைக் கிழித்துக் கயிறு திரிக்கிறார். எல்லாம் தயாரான நேரம் அறைக்குள் ஒரு பெடியனைக் கொண்டுவந்து விடுகிறார்கள். உளவாளியா? கொல்லவேணுமா, கூட்டிக்கொண்டு போகவேணுமா? கூட்டிக்கொண்டு போகிறார். ஒரு மதிலடியில், தனியாக வந்திருந்தால் இதைத் தாண்டியிருக்கமாட்டேன் என்று அவருக்கே விளங்குகிறது. நாலு வருசம் கழித்து ஜாக் பெக்கேர் எடுத்த ‘லு த்ரூ’விலும் அதே நிலைமை, கடைசியாக வந்தவரை நம்புவதா இல்லையா. முடிவு நேர்மாறு. பார்க்காதவர்களுக்காக அதை விடுறன். இரண்டையும் ஒரே கிழமையில் பாருங்கோ. புதுசாக வாற ஆட்களை எங்கள் கூட்டங்களில் எப்படி ஏற்கிறோம் என்று பிறகு கதைக்கலாம்.

கடைசியாக எங்கட பக்கம். 1983 செப்டம்பர் 25 வட அயர்லாந்தின் மேஸ் சிறையில் இருந்து 38 ஐ.ஆர்.ஏ. கைதிகள் தப்பினார்கள். ‘மேஸ்’ என்று 2017இல் அதைப் படமாக்கினார்கள். திட்டம் போட்ட லாரி மார்லி தான் போகாமல் உள்ளேயே நின்றதுதான் அந்தப் படத்தின் மையம். அதுக்கு இரண்டே நாளுக்கு முன், செப்டம்பர் 23, மட்டக்களப்புச் சிறையுடைப்பு. ஜூலையில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது உயிர் தப்பினவர்களை அங்கேதான் மாற்றியிருந்தார்கள். அன்று நிர்மலா நித்தியானந்தன் வெளியே வரவில்லை. அடுத்த வருசம்தான் அவரை மீட்டார்கள். வீட்டில் இந்தக் கதையை வெளியே வந்தவர்களின் பெயர்களோடுதான் கேட்டிருப்பீங்கள். இந்த முறை உள்ளே நின்றவர்களைப் பற்றியும் கேளுங்கோ, சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கினம்.

சரி, விளக்கை அணைக்கலாம். தடுப்பு நிலையத்துக்குப் போகிற சனிக்கிழமைகளின் பட்டியல் கதவடி மேசையில் இருக்கு. இன்னும் இரண்டு கார் தேவை.