கரண்ட்டுக்கும் பல்லைப் பிடிச்சுப் பாருங்க!

குந்தாரப்பள்ளி பொதுக்கூட்ட உரையிலிருந்து...



நம்ம சந்தையில ஆடு வாங்கினா பல்லைப் பிடிச்சுப் பார்க்காம வாங்குவீங்களா? கரண்ட்டையும் அப்படிப் பாருங்க.

ஓசூர்லயும் போச்சம்பள்ளியிலயும் நம்ம பிள்ளைங்க செய்யிற மின்சார ஸ்கூட்டர் இந்தியா முழுக்க ஓடுது. பெருமைதான்! ஆனா காத்து ஓய்ஞ்ச ராத்திரியில அதுக்கு ஏத்துற சார்ஜ், பெரும்பகுதி நிலக்கரி எரிச்சு வருது. மேட்டூர்ல மட்டும் 1,440 மெகாவாட் அனல் மின்நிலையம். நம்ம வண்டியில புகை இல்லை. அங்க இருக்கிறவங்க மூச்சுல இருக்கு!

வெயிலுக்கா பஞ்சம்? கமுதியில 2016-லயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தாச்சு. பகல் வெயிலை ராத்திரிக்குச் சேமிக்கிற பேட்டரி நிலையம் வேணும். சிப்காட் ஆலைக் கூரையெல்லாம் சோலார் வேணும்.

வண்டி நம்மது. கரண்ட்டும் சுத்தமா இருக்கணும். கேட்போம்! கேட்டு வாங்குவோம்!