கொரோனாவும் நீரிழிவும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனுக்கும் நீரிழிவுக்கும் என்ன தொடர்பென வினவுவார் இவ்வவையில் இருத்தல் கூடும். ஆகலின் எமக்குரிய சொல்லாராய்ச்சியிலிருந்தே தொடங்குகின்றோம். நீரிழிவு என்னுஞ் சொல்லில் இழிவு என்பது தாழ்வினைக் குறிப்பதன்று. இழிதலாவது இறங்குதல். அருவி மலையினின்று இழிகின்றது என்பதும், அரசன் தேரினின்று இழிந்தான் என்பதும் நூல்வழக்கு. சிறுநீர் மிகுதியாக இழிதல்பற்றி நம் முன்னோர் இந்நோய்க்கு இப்பெயரிட்டனர். நாமோ அப்பொருளை மறந்து, இதனை மெய்யாகவே ஓர் இழிவெனக் கருதி ஒளிக்கத் தலைப்பட்டோம். பெண் பார்க்க வருவோர் அறியலாகாது, சம்பந்தி வீட்டார் செவிக்கு எட்டலாகாது என்று மறைக்கின்றோம். மறைக்கவேண்டி வருமே என்னும் அச்சத்தால் சோதித்துக் கொள்ளாமலே இருப்பாரும் நம்முள் உளர். யாம் இன்று கூறப்புகுந்த செய்திக்கு இவ்வச்சமே முதற் பகையாகலின், அதனை முன்னர்க் கூறினோம்.

கொரோனா நோய் நம் நாட்டில் 2020 ஜனவரி 30-ல் கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் அது விளைத்த கேட்டினை இவ்வவையோர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. நீரிழிவுடையாரை அது கடுமையாகத் தாக்கிற்று என்பதும் யாவரும் அறிந்ததே. அறியாதார் பலராயுள்ளது அதன் மறுதலையாகும். அஃதாவது, முன்பு நீரிழிவில்லாதார்க்கும் கொரோனா கண்டு தேறியபின் நீரிழிவு தோன்றுதல். 2020 ஜூன் மாதத்திலேயே ரூபினோ, சிம்மெட் முதலிய மருத்துவப் பேரறிஞர் பல நாட்டவர் ஒருங்குகூடி, அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் இதனைக் குறித்து எழுதி, இவ்வாறு நோயுற்றாரைப் பதிவு செய்தற்கு ஒரு பதிவேடும் தொடங்கினர்.

இது முற்றும் புதியதுமன்று. 2003-ம் ஆண்டிற் சீன நாட்டிற் பரவிய சார்ஸ் என்பது கொரோனா இனத்து மற்றொரு கிருமியால் விளைந்த நோய். அதனாற் பீடிக்கப்பட்டவருள், முன்பு நீரிழிவு இல்லாதவரும் ஸ்டீராய்டு மருந்து கொள்ளாதவருமாகிய 39 பேரைப் பெய்ஜிங் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 20 பேர்க்கு ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தே நீரிழிவு கண்டது. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது இருவரிடமே அது நிலைத்திருந்தது. தோன்றிய நீரிழிவு பலர்க்கு நீங்குதலும், சிலர்க்கு நிலைத்தலும் உண்டென்பது இதனால் விளங்கும். எவர்க்கு நீங்கிற்று, எவர்க்கு நிலைத்தது என்பதை முகத்தைப் பார்த்து அறிதல் இயலாது. குருதியைச் சோதித்தே அறிதல் வேண்டும்.

இனி, அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரத்து ஆராய்ச்சியாளராகிய ஸீ, அல்-அலி என்னும் இருவர் 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைச் சிறிது விரித்துக் கூறுதும். படைப்பணியாற்றி ஓய்வு பெற்றவருள் கொரோனா கண்டு முதல் முப்பது நாளும் பிழைத்திருந்த 1,81,280 பேரை ஒருபுறமும், அந்நோய் காணாத 41 லட்சத்துக்கு மேற்பட்டோரை மறுபுறமும் வைத்து, ஏறத்தாழ ஓராண்டு அன்னார் ஒப்பிட்டு நோக்கினர். கொரோனா கண்டவரிடம் நீரிழிவு தோன்றுதல் நூற்றுக்கு 40 பங்கு மிகுதியாக இருந்தது. இதனைக் கேட்டதும் நூறு பேரில் நாற்பது பேர்க்கு நீரிழிவு வந்ததெனக் கொள்ளற்க. பத்திரிகை படிப்போர் பலர் அவ்வாறே கொண்டு கலங்கினர். நோய் காணாதாருட் பதின்மர்க்கு வருமாயின், கண்டாருள் அத்தொகையினர்க்குப் பதினால்வர்க்கு வரும் என்பதே அதன் பொருள். ஆயிரம் பேர்க்கு ஓராண்டில் ஏறக்குறையப் பதின்மூவர் மிகை. பதின்மூவர் தானே என்று இகழ்தலும் தகாது. கோடிக்கணக்கானோரைத் தொட்ட நோயாதலின், ஆயிரத்துக்குப் பதின்மூன்று என்பது பெருந்தொகையாய் முடியும். நோய் கடுமையாக இருந்தவர்க்கு, அதிலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்க்கு, இம்மிகை பெரிது. வீட்டிலிருந்தே தேறியவர்க்குச் சிறிது. ஆயினும் அவர்க்கும் இல்லாமற் போகவில்லை. அவ்வாராய்ச்சிக்குட்பட்டோர் பெரும்பாலும் முதிய ஆடவராதலின், அக்கணக்கினை அப்படியே நம் பெண்டிர்க்கும் இளைஞர்க்கும் ஏற்றுரைத்தல் முறையன்று.

காரணம் யாதெனின், ஒன்றன்று. இரைப்பைக்குப் பின்னே கிடக்கும் கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் நுண்ணிய அணுக்கள் உள்ளன. அவற்றுள்ளும் இக்கிருமி புகுதல் கூடுமென 2021-ல் ஆராய்ச்சியாளர் காட்டினர். நோயின் வெம்மையால் உடல் இன்சுலினுக்கு இணங்காது நிற்றல் மற்றொன்று. வீட்டினுள் அடைபட்டு நடையின்றி உண்டு பருத்தது வேறொன்று. முன்னரே இருந்து அறியப்படாத நீரிழிவு, ஆஸ்பத்திரிச் சோதனையால் வெளிப்பட்டதும் உண்டு. இவற்றுள் எதற்கு எத்துணைப் பங்கு என்பதில் அறிஞர்க்குள் இன்னும் வழக்கு உண்டு.

ஸ்டீராய்டு மருந்தைப் பற்றித் தனியே ஒரு சொல். டெக்ஸாமெதஸோன் என்னும் அம்மருந்து உயிர் காத்தது உண்மை. ஆனால் 2020 ஜூனில் இங்கிலாந்தில் வெளிவந்த ஆராய்ச்சி, பிராணவாயு கொடுக்கவேண்டிய நிலையினர்க்கே அது பயன்படும் என்றும், ஏனையோர்க்குப் பயனில்லை என்றும் தெளிவாகக் கூறிற்று. அளவு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம். காலம் பத்து நாளுக்கு மேற்படாது. 2021-ல் இவ்வளவைக் கடந்து உண்டாரும், மருத்துவரைக் கேளாது கடையில் வாங்கி உண்டாரும் இருந்தனர். அம்மருந்து குருதியிற் சர்க்கரையை உயர்த்துவது. உயர்ந்த சர்க்கரையிலே கருப்புப் பூஞ்சை நோய் செழித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அதனை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயாகத் தமிழ்நாட்டில் விளம்பரஞ் செய்ததை நினைவு கூர்க.

தடுப்பூசியாலே தான் சர்க்கரை வந்ததென்று நம்மவர் சிலர் கூறக் கேட்கின்றோம். இங்கிலாந்தில் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2024-ல் வெளியிட்டதொரு நூற்கட்டுரை இதற்கு மாறாகவே உரைக்கின்றது. கொரோனா கண்ட முதல் நான்கு வாரத்தில் நீரிழிவு கண்டறியப்படுதல் நான்கு மடங்குக்கு உயர்ந்து, பின்னர்த் தணிந்தது. ஊசியிட்டுக் கொண்டவரிடம் அவ்வுயர்வு குறைவாகவே இருந்தது.

நம் நாட்டு நிலையோ முன்னரே பாரம் மிக்கது. 2023-ல் வெளிவந்த கணக்கின்படி இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடியே 10 லட்சம். அதன் வாயிலில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம். தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14-க்கு மேல் இந்நோயுடையோர். வாயிலில் நிற்பவனை உள்ளே தள்ளுதற்குச் சிறு கை போதும், கொரோனா அக்கையாயிற்று. பாட்டனார்க்கு இல்லை, தந்தையார்க்கு இல்லை, எனவே எமக்கும் வாராது என்னும் பழைய உறுதி இனிச் செல்லாது.

சோதனை எளிது. வெறுவயிற்றுக் குருதியில் சர்க்கரை 100-க்குக் கீழாயின் நன்று. 100 முதல் 125 வரை வாயில்நிலை. 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் 5.7 முதல் 6.4 வரை வாயில்நிலை, 6.5 முதல் நீரிழிவு. நோய்க்குறி ஒன்றும் இல்லாதவர்க்கு இருமுறை பார்த்தே மருத்துவர் துணிவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தார் இல்லந்தோறும் வந்து சர்க்கரை பார்க்கின்றனர். வருவோரை வாயிலிலேயே திருப்பியனுப்பும் வீடுகளையும் யாம் அறிவோம். காரணம் முன்பு கூறிய அச்சமே.

ஆதலின் செயலாளரவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் ஆண்டுக் கூட்டத்தன்று, சிற்றுண்டிக்கு முன், மண்டபத்திலேயே குருதிச் சோதனைக்கு ஏற்பாடு செய்க. முடிவினை மூடிய உறையிலிட்டு அவரவர் கையிலேயே கொடுக்க வேண்டும், மேடையிற் படிக்கலாகாது, சங்கத்தின் வரன் பதிவேட்டிலும் அதனை ஏற்றலாகாது. இவ்வுறுதியை முன்கூட்டியே இவ்விதழில் அச்சிட்டால்தான் தாய்மார் வருவர். வருவோர் முதல்நாள் இரவுணவுக்குப் பின் எட்டு மணி நேரமாவது நீரன்றி ஒன்றும் உட்கொள்ளாதிருத்தல் வேண்டும். கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், வீடு திரும்புகையில் அங்குக் கொடுத்த சீட்டினைத் தேடியெடுத்து வருக. உட்கொண்ட மருந்தும் அளவும் அதில் எழுதப்பட்டிருக்கும். மருத்துவர் முதலிற் கேட்பது அதுவே.